மலைக்கு ஒரு சட்டம், பென்ஷனுக்கு வேற சட்டமா?

தோழர்களே,

பென்ஷன்னு எடுத்தாலே பழையதா புதுசா, எத்தனை சதவீதம்னுதான் நம்ம பேச்சு போகுது. அந்தப் போராட்டம் தேவைதான். ஆனால் சித்தேரி மலையில் அதுக்கும் முன்னாடி ஒரு கேள்வி நிற்குது. அரசு வேலை பார்த்தவர் கண்ணை மூடின பிறகு, குடும்ப ஓய்வூதியம் யார் கைக்குப் போகும்? கருவூலம் கேட்கிற காகிதம் அந்த வீட்டில் இருக்கா?

பெரும்பாலான வீடுகளில் இல்லை. அதுக்குக் காரணம் அந்த மக்களின் அலட்சியம்னு யாராவது சொன்னால் நம்பாதீங்க. அப்படி ஒரு காகிதம் வாங்க நாட்டோட சட்டமே அவங்களுக்கு வழி வைக்கலை. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான்.

🔴 சட்டம் வெளியே நிறுத்தின மக்கள்

சித்தேரி, கலசப்பாடி, அரசநத்தம்னு அந்த மலை முழுக்க வாழ்றவங்க மலையாளி பழங்குடி மக்கள். தருமபுரி மாவட்டத்தில் அவங்க பட்டியல் பழங்குடியினர். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தை எடுத்துப் பாருங்க. பிரிவு 2, உட்பிரிவு 2 தெளிவாச் சொல்லுது: மத்திய அரசு தனியா அறிவிக்கை வெளியிட்டால் ஒழிய, பட்டியல் பழங்குடியினருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவங்க கல்யாணமும் பிரிவும் அவங்க வழக்கப்படிதான்.

அந்த வழக்கம் என்ன? கணவன் மனைவிக்குள்ள ஒத்துவரலைன்னா ஊர்க்கவுண்டர், பெரியவங்க முன்னால பேசுவாங்க. பரிசப் பணம், பொருள், பிள்ளைகள் விஷயம் தீரும். அதோட பிரிவு முடிஞ்சது. ரெண்டு பேரும் மறுமணம் செய்யலாம். ஊரே சாட்சி. ஆனால் எழுத்தில் எதுவும் இருக்காது.

கல்யாணத்துக்காவது வழி இருக்கு. 2009-ஆம் ஆண்டு தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி எந்தச் சாதி, மதத்துக் கல்யாணத்தையும் பதிவு செய்யலாம், செய்யவும் வேணும். ஊர் வழக்கப்படி நடந்த பிரிவைப் பதிவு செய்ய எந்த அலுவலகமும் இல்லை.

🔴 மாட்டிக்கிற மூணு பெண்கள்

ஒரு உதாரணம் வச்சுப் பேசுவோம். உண்டு உறைவிடப் பள்ளியில் சமையலராகவோ, வனத்துறையில் காவலராகவோ இருந்த ஒருத்தர் இறந்துட்டார்னு வச்சுக்கங்க.

முதலில், அவரோட இரண்டாவது மனைவி. முதல் மனைவியை ஊர்ப் பஞ்சாயத்தில் பிரிஞ்சு, இவரைக் கட்டி, இருபது வருஷம் சேர்ந்து வாழ்ந்திருப்பார். ஆனால் முதல் மனைவியோட விவாகரத்துக்கு நீதிமன்றத் தீர்ப்பு நகல் கேட்பாங்க. அது இல்லைன்னா இவர் மனைவியே இல்லைன்னு கோப்பு திரும்பிடும்.

அடுத்து, முதல் மனைவி. அவர் எப்பவோ வேற கல்யாணம் பண்ணி வேற ஊரில் இருப்பார். பணிப்பதிவேட்டில் மட்டும் இன்னும் அவர் பேர்தான். வாங்க உரிமை இல்லாத பணத்துக்கு அவர் பேரையும் இழுத்து, ரெண்டு குடும்பத்துக்கும் சண்டை மூட்டி விடுறது அந்த ஒரு வரிதான்.

மூணாவது, மகள். இதைத்தான் கவனமாப் படிக்கணும். 25 வயசைத் தாண்டின திருமணமாகாத, விதவையான, விவாகரத்தான மகள்களுக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டுன்னு தமிழ்நாடு அரசு 2011-ல் ஆணை போட்டது. நல்ல ஆணை. மத்திய அரசு 2017 ஜூலையில் இன்னொரு படி மேலே போய், பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே விவாகரத்து வழக்கு தாக்கல் ஆகியிருந்தால், தீர்ப்பு அவங்க இறந்த பிறகு வந்தாலும் மகளுக்கு உரிமை உண்டுன்னு தன் ஊழியர்களுக்குத் தெளிவுபடுத்துச்சு.

இப்ப சித்தேரிக்கு வாங்க. புருஷன் வீட்டில் இருந்து பிரிஞ்சு, அப்பா அம்மாவோட பத்து வருஷமா இருக்கிற ஒரு அக்கா. அவர் எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவார்? இந்து திருமணச் சட்டம் அவருக்குப் பொருந்தாதுன்னு நாடாளுமன்றமே எழுதி வச்சிருக்கு. ஆனால் பென்ஷன் அலுவலகம் கேட்கிறது அந்தச் சட்டம் கொடுக்கிற காகிதத்தை. கதவைப் பூட்டி வச்சுட்டு, ஏன் உள்ளே வரலைன்னு கேட்கிறாங்க!

சாதாரண குடும்ப ஓய்வூதியம் கடைசியா வாங்கின சம்பளத்தில் 30 சதவீதம். குறைந்தபட்சம் மாசம் 7,850 ரூபாய், அதோட அகவிலைப்படி. சாமையும் தினையும் விதைச்சு, மழையை நம்பி இருக்கிற ஒரு வீட்டில் இந்தப் பணம் அரிசியும் மருந்தும் பஸ் செலவும்.

🔴 உழைச்ச வருஷம் எங்கே போச்சு?

யாருக்குப் பென்ஷன் என்கிறது ஒரு பாதி. எத்தனை வருஷம் கணக்கில் வரும் என்கிறது மறு பாதி.

மலையில் அரசு வேலை பெரும்பாலும் தினக்கூலியில், தொகுப்பூதியத்தில்தான் தொடங்குது. நிரந்தரம் ஆக பத்து, பன்னிரண்டு வருஷம் ஓடிடும். தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் 1978-ல், விதி 11 இந்த மாதிரி முழுநேர வேலை பார்த்த காலத்தில் பாதியைக் கணக்கில் எடுக்கச் சொல்லுது. ஆனால் 1-4-2003-க்கு முன்னாடி நிரந்தரம் ஆகியிருக்கணும். சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் 2019-ல் இதே தேதிக் கோட்டை உறுதி செஞ்சிடுச்சு.

கணக்குப் போட்டுப் பாருங்க. ரெண்டு பேர் 1990-ல் ஒண்ணா தினக்கூலி வேலைக்குச் சேர்றாங்க. ஒருத்தர் 2002-ல் நிரந்தரம், 2010-ல் ஓய்வு. நிரந்தரப் பணி 8 வருஷம், தினக்கூலி 12-ல் பாதி 6, மொத்தம் 14. பத்து வருஷம் இருந்தால் போதும் என்பதால் பென்ஷன் கிடைக்குது. இன்னொருத்தர் கோப்பு நகராமல் கிடந்து 2004-ல் நிரந்தரம். அவரோட 14 வருஷத் தினக்கூலி உழைப்புக்குப் பூஜ்யம். அவர் போய்ச் சேர்றது பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம். அதில் மாசாமாசம் வர்ற குடும்ப ஓய்வூதியமே கிடையாது. பிடிச்ச 10 சதவீதம், அரசு போட்ட பங்கு, வட்டி. அவ்வளவுதான்.

கோப்பு தாமதமானது யார் தப்பு? அலுவலகத்தோட தப்பு. நஷ்டம் மட்டும் காட்டுக்குள்ள காவல் இருந்தவருக்கும் அவர் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும்.

2026 ஜனவரி 3 அன்று அறிவிக்கப்பட்ட தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம், கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் பென்ஷன், இறந்த பிறகு அந்தப் பென்ஷனில் 60 சதவீதம் குடும்பத்துக்குன்னு சொல்லுது. குடும்பத்துக்கு மாசாமாசம் பணம் என்கிற பேச்சு திரும்பி வந்ததே ஊழியர்கள் இருபது வருஷத்துக்கு மேல தெருவில் நின்னதால்தான். ஆனால் "குடும்பம்" யார், பணிக்காலம் எது என்கிற ரெண்டு இடத்திலும் பழைய ஓட்டை அப்படியே இருந்தால், எந்தச் சதவீதமும் மலை ஏறாது.

🔴 "போலிகள் வந்துடுவாங்களே?"

அலுவலகத்தில் இந்தக் கேள்வி வரும். நியாயமான கேள்விதான். அரசுப் பணம், யார் வேணும்னாலும் கேட்டால் கொடுத்துட முடியாது. உச்ச நீதிமன்றமும் 2002-ல், வழக்கப்படி விவாகரத்து ஆச்சுன்னு சொல்றவர் அப்படியொரு வழக்கம் தன் சமூகத்தில் இருக்குன்னு நிரூபிக்கணும்னு சொல்லியிருக்கு.

சரி, நிரூபிக்கிறோம். எங்கே? பழங்குடியினர் சாதிச் சான்று யார் கொடுக்கிறாங்க? வருவாய் கோட்டாட்சியர். ஊருக்கு ஆள் அனுப்பி, பெரியவங்களை விசாரிச்சு, வழக்கத்தைக் கேட்டுத்தானே கொடுக்கிறாங்க? ஒருத்தர் பழங்குடியா இல்லையான்னு விசாரிச்சு முடிவு பண்ணத் தெரிந்த அதே அலுவலகத்துக்கு, இந்த ஊரில் இந்தப் பிரிவு நடந்ததான்னு விசாரிக்கத் தெரியாதா?

🔴 நம்ம கோரிக்கைகள்

1. பழங்குடி மக்களின் வழக்கப்படி நடந்த மணமுறிவை, கோட்டாட்சியர் விசாரணைச் சான்றின் பேரில், குடும்ப ஓய்வூதியத்துக்கு ஏற்க அரசாணை வேணும். யாராவது மறுத்தால் மட்டும் நீதிமன்றம்.

2. பெற்றோர் காலத்திலேயே ஊர் வழக்கப்படி பிரிஞ்சு வந்த மகள்களை "விவாகரத்தான மகள்" என்றே கருதணும். 2017-ல் மத்திய அரசு காட்டின தாராளம் இவங்களுக்கும் வேணும்.

3. நிரந்தரம் ஆன தேதி எதுவாக இருந்தாலும், தினக்கூலி, தொகுப்பூதியக் காலத்தில் பாதியையாவது பணிக்காலமாச் சேர்க்கணும்.

🔴 அதுவரைக்கும் நாம செய்ய வேண்டியது

ஆணை வர்ற வரைக்கும் கையைக் கட்டிட்டு உட்கார முடியாது. மலையில் வேலை செய்ற தோழர்கள் இதை வீடு வீடாச் சொல்லுங்க.

✔️ வேலையில் இருக்கிறவங்க பணிப்பதிவேட்டில் குடும்ப விவரத்தையும் வாரிசு நியமனத்தையும் இப்பவே பார்க்கட்டும். பழைய பேர் இருந்தால், ஆள் உயிரோடு இருக்கும்போது மாத்துறதுதான் சுலபம்.

✔️ ஊரில் பிரிவு பேசி முடிக்கும்போது எழுதி வையுங்க. தேதி, ரெண்டு தரப்புக் கையெழுத்து, ஊர்க்கவுண்டரும் பெரியவங்களும் சாட்சி.

✔️ அதை வச்சு, மணமுறிவு செல்லும்னு உறுதி செய்யும் விளம்புகைத் தீர்ப்பு கேட்டு நீதிமன்றம் போகலாம். ஒருவரின் திருமண நிலையை அறிவிக்கும் அதிகாரம் 1984 குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் இருக்கு. பழங்குடியினரின் வழக்கப்படியான மணமுறிவு வழக்கைக் குடும்ப நீதிமன்றம் விசாரிக்கலாம்னு ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றம் 2021-ல் சொல்லியிருக்கு. மகள்களுக்காகன்னா, பெற்றோர் இருக்கும்போதே தாக்கல் செய்யுங்க.

✔️ வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பட்டியல் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

✔️ தினக்கூலியா வேலை பார்த்தவங்க வருகைப் பட்டியல், கூலிச் சீட்டு, அதிகாரி கொடுத்த சான்று எதையும் தூக்கிப் போடாதீங்க. இல்லைன்னா தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்க.

தோழர்களே, பழங்குடி மக்களின் வழக்கத்தை மதிக்கிறோம்னு சட்டப் புத்தகத்தில் எழுதின அரசு, கருவூல ஜன்னலிலும் அதை மதிக்கணும். நாம கேட்கிறது சலுகை கிடையாது. உழைச்சவர் வீட்டுக்குச் சேர வேண்டிய பாக்கி.

உங்க ஊரில், உங்க சொந்தத்தில் இப்படி நின்னுபோன கோப்பு இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்க. பேர் வெளியே வராது. கோரிக்கை மனுவோட சேர்த்துக் கொண்டுபோவோம். பதிவைப் பகிருங்க, முக்கியமா அரசு வேலையில் இருக்கிற மலைவாழ் தோழர்களுக்கு.

#சித்தேரி #குடும்பஓய்வூதியம் #பழங்குடிமக்கள்உரிமை