சேலைனுக்கு ஓடுமுன் கரண்டியை எடுப்போம்

கந்தப்பளை உறவுகளே,

கொஞ்சம் நீண்ட பதிவு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டார் பொறுமையோடு கடைசி வரை வாசியுங்கள்.

மழை தொடங்கி பீலித் தண்ணீர் கலங்கினால் போதும், வகுப்பில் வரவு குறையும். விசாரித்தால் "தம்பிக்கு வயித்தோட்டம் சேர், சேலைன் ஏத்த நுவரெலியாவுக்குக் கொண்டுபோயிருக்காங்க" என்பார்கள். எங்கள் ஊரில் சேலைன் போத்தல் தொங்கினால்தான் வைத்தியம். வாயால் குடிக்கச் சொல்லி ஜீவனி பக்கட்டைக் கையில் கொடுத்தால், "ஒன்னும் பார்க்கல, சும்மா அனுப்பிட்டாங்க" என்று மனக்குறை. இந்த எண்ணத்தை நாம் மாற்றியே ஆக வேண்டும்.

வயிற்றோட்டத்தில் சின்னப் பிள்ளையை வேகமாக விழுத்துவது உடம்பிலிருந்து போகும் நீரும் உப்பும்தான். போனதைத் திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுவார்கள். அதற்கு ஊசி தேவையில்லை. குடலில் சீனி உள்ளே போகும்போது உப்பையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. உப்பின் பின்னால் தண்ணீர் போகிறது. வயிற்றோட்டத்தின்போதும் இந்த வழி அடைபடுவதில்லை. ஆகவே அளவான சீனியும் அளவான உப்பும் கலந்த தண்ணீர், குடிக்கக்கூடிய பிள்ளைக்கு சேலைன் செய்யும் வேலையைச் செய்கிறது.

இது ஏழைகளுக்கென்று ஒதுக்கிய இரண்டாந்தர வைத்தியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1971இல் பங்களாதேஷ் யுத்தத்தில் இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்குள் வந்தார்கள். எல்லையோர பொங்காவ் நகரில் கொலரா பரவியது. சேலைன் தீர்ந்துபோனது. வைத்தியர் திலீப் மஹலநாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்த தண்ணீரைப் பெரிய பாத்திரங்களில் வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர் கையிலேயே கோப்பையைக் கொடுத்தார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அவர் பராமரித்தவர்களில் இறப்பு 4க்கும் கீழே வந்தது. 1978இல் 'லான்செட்' மருத்துவ இதழ், இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கலாம் என்று எழுதியது.

ஆசிரியர்களாகிய எங்களை அதிகம் யோசிக்க வைப்பது அதற்குப் பிறகு நடந்தது. 1980இலிருந்து பத்து வருடம், பங்களாதேஷின் பிராக் நிறுவனம் பெண் பயிற்றுநர்களை வீடு வீடாக அனுப்பியது. மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர். தாய்மார் தங்கள் கையாலேயே கலந்து பழகினார்கள். 1 கோடி 20 இலட்சம் வீடுகளுக்கு மேல் போனார்கள். ஒரு மாதம் கழித்து வேறொருவர் போய், அந்தத் தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார் என்று பார்ப்பார். அதைப் பொறுத்தே பயிற்றுநரின் சம்பளம். சுவரொட்டி ஒட்டினோம், கூட்டம் வைத்தோம் என்று கணக்குக் காட்ட அங்கே வழியில்லை.

அப்படியும் ஆரம்பத்தில் பல வீடுகளில் பாவனைக்கு வரவில்லை. ஆண்களை விட்டுவிட்டுப் பெண்களுக்கு மட்டும் சொன்னது ஒரு காரணம். பிறகு சந்தையிலும் பள்ளிவாசலிலும் பாடசாலையிலும் ஆண்களுக்கும் விளக்கினார்கள்.

இப்போது எங்கள் வீடுகளுக்கு வருவோம். முதலில் ஜீவனி. ஒரு பக்கட் முழுவதையும் ஒரே தடவையில் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். கொஞ்சம் எடுத்துக் கோப்பையில் கலக்கக் கூடாது. "ஒரு போத்தல் தண்ணீர்" என்று சொன்னால், பாலும் தேங்காயெண்ணெயும் வாங்கிப் பழகிய எங்கள் பெரியம்மாமாருக்கு அது 750 மில்லிலீற்றர். அந்த அளவில் கரைத்தால் உப்புக் கூடிவிடும். வீட்டில் ஒரு லீற்றர் போத்தல் ஒன்றை அடையாளம் போட்டு வையுங்கள். கரைத்தபின் மீண்டும் கொதிக்க வைக்க வேண்டாம். 24 மணித்தியாலத்தில் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

ஜீவனி கைவசம் இல்லையா? ஒரு லீற்றர் தண்ணீருக்கு மட்டமாக வழித்த 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு இதைவிடக் கூடவே கூடாது. ஒரு லீற்றருக்கு அரைத் தேக்கரண்டி உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லது. நோன்புக் கஞ்சி காய்ச்சும் வீட்டுக்கும் வடிகஞ்சி குடிக்கும் லயத்துக்கும் கஞ்சியைப் பற்றி நாங்கள் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. நோய்ப்பட்ட பிள்ளைக்கு மசாலா இல்லாமல், தண்ணியாகக் கொடுங்கள். செவ்விளநீர் கொடுக்கலாம், ஆனால் அதில் உப்புச்சத்து குறைவு, அது மட்டும் போதாது. சீனி போட்ட பிளேன்டீ, சோடா, பெட்டியில் வரும் பழச்சாறு வேண்டாம். அதிக சீனி குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றோட்டத்தைக் கூட்டும்.

இரண்டு வயதுக்குக் கீழே என்றால் ஒவ்வொரு தடவை வயிற்றால் போனதும் 50 முதல் 100 மில்லிலீற்றர், அதற்கு மேல் என்றால் 100 முதல் 200. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மெதுவாகக் கொடுங்கள். இந்தக் குளிரில் பிள்ளை தாகம் என்று கேட்காது. தண்ணீர் கொடுத்தால் சளி பிடிக்கும் என்று பெரியவர்களும் பயப்படுவார்கள். வெதுவெதுப்பாகக் கொடுங்கள். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். வைத்தியர் சிங்க் மாத்திரை தந்தால் வயிறு நின்றாலும் சொன்ன நாள்வரை கொடுத்து முடியுங்கள்.

எப்போது ஓட வேண்டும்? கண் குழிவிழுந்தால், பிள்ளை சோர்ந்து மயங்கினால், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாவிட்டால், குடிக்க முடியாவிட்டால், குடிப்பதெல்லாம் வாந்தியானால், மலத்தில் இரத்தம் கண்டால், ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையென்றால் உடனே வைத்தியசாலை. போகும் வழியிலும் கரண்டியை நிறுத்தாதீர்கள். மயங்கிய பிள்ளையின் வாயில் மட்டும் எதையும் ஊற்ற வேண்டாம். அங்கே மூக்கு வழியாகக் குழாய் போட்டு இதே கரைசலைக் கொடுத்தால் பயப்படாதீர்கள், அதுவும் முறையான வைத்தியம். சேலைன் உண்மையில் தேவைப்படும் பிள்ளைக்கு அதை ஏற்றுவார்கள்.

அம்மா காலையில் கொழுந்துக்குப் போய்விட்டால் தம்பி தங்கையோடு வீட்டில் இருப்பது பாட்டியும், ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளையும்தான். முதல் கரண்டி அந்தக் கையிலிருந்துதான் வர வேண்டும். விஞ்ஞானப் பாடத்தில் விடை எழுதிப் புள்ளி எடுத்தால் போதாது. ஒவ்வொரு மாணவரும் வகுப்பில் ஒரு லீற்றர் கலந்து காட்ட வேண்டும். ஒரு மாதம் கழித்து மீண்டும் கலந்து காட்ட வேண்டும். உப்பும் சீனியும் ஒரு கரண்டியும் போதும், எந்தப் பாடசாலைக்கும் இது பெரிய செலவில்லை.

பார்க், கொங்கோடியா, எஸ்கடேல் என்று எல்லாத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவிலும் ஜீவனி எப்போதும் இருக்கிறதா என்று பெற்றோர் கேளுங்கள். ஜும்ஆவுக்குப் பின் ஐந்து நிமிடம், கோயில் பூசைக்குப் பின் ஐந்து நிமிடம், விகாரையில் ஐந்து நிமிடம் ஒதுக்கித் தாருங்கள் என்று நிர்வாக சபைகளைக் கேட்கிறோம். தகப்பன்மாரே, அடுத்த சம்பளத்தில் இரண்டு ஜீவனி பக்கட் வாங்கி அலுமாரியில் வையுங்கள். ஓட்டோ கூலியோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

வாசிக்கத் தெரியாத பாட்டிமாருக்கு இதைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். பகிர்வதைவிட அது பெரிய உதவி.