ஒத்திசைவுக்கும் எல்லை உண்டு

"அண்டமெங்கும் ஒரே ஒத்திசைவு நிலவுகின்றது, பௌதிகவியலே இதனை ஒப்புக்கொண்டுவிட்டது" என்னும் முழக்கம் மேடைகளிலும் ஏடுகளிலும் மலிந்து கிடக்கின்றது. முழங்குவோர் 'ஒத்திசைவு நீளம்' என்னும் பௌதிகச் சொல்லைச் சான்றுக்கு அழைக்கின்றனர். அச்சான்று அவர்களுக்கு எதிராகவே பேசுகின்றது என்பதே எமது வாதம்.

நீளம் என்றாலே அளவு. அளவு என்றாலே எல்லை. அலையொன்றின் ஓரிடத்து நிலையை அறிந்தவர், எவ்வளவு தூரம் வரை அதன் பிறவிடத்து நிலையையும் நம்பிக் கூறலாமோ, அத்தூரமே ஒத்திசைவு நீளம். வெண்ணிற ஒளியில் அது மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்களவே. சீர்செய்யப்பட்ட லேசர் ஒளியிலோ பல நூறு மீற்றர் வரை நீளலாம்.

மீகடத்திகளில் இச்சொல்லின் பொருளே வேறு. 1953இல் பிப்பார்ட் முன்வைத்த கருத்தின் வழி, இலத்திரன்களின் கூட்டொழுங்கு பெரிதும் மாறவியலாத மிகச்சிறு தூரத்தை அது குறிக்கும். அலுமினியத்தில் அது ஏறத்தாழ 1,600 நானோமீற்றர். நையோபியத்தில் ஏறத்தாழ 40 மட்டுமே.

அண்டவியலுக்கு வருவோம். சென்னையிற் பிறந்த பிரித்தானிய அறிஞர் கிபிள் 1976இல் வாதித்ததாவது: ஆதி அண்டம் குளிர்ந்து நிலைமாறிய வேளை, ஒளியினும் விரைவாக எச்செய்தியும் செல்லாதாகையால், தொலைவிலுள்ள பகுதிகள் தத்தம் ஒழுங்கைத் தனித்தனியே தேர்ந்திருக்கும், அவை பொருந்தாது சந்தித்த இடங்களில் வடுக்கள் எஞ்சக்கூடும். அண்டத்தில் அவ்வடுக்கள் இன்னும் கண்டறியப்படவில்லை. ஆயினும், ஒத்திசைவு எல்லையற்றதன்று என்னும் அடிப்படை அதனாற் குலையவில்லை.

"அண்டப் பின்னணிக் கதிர்வீச்சின் வெப்பநிலை எத்திசையிலும் ஒத்திருக்கின்றதே?" என்பர். உண்மை, வேறுபாடு இலட்சத்தில் ஒரு பங்களவே. ஆனால் வெப்பநிலை ஒத்திருத்தல் வேறு, அலைகள் ஒத்திசைதல் வேறு. அவ்வொப்புமையையும் விஞ்ஞானிகள் அருள்வாக்காகக் கொள்ளாது, விளக்கம் வேண்டும் புதிராகவே கொண்டனர். 1981இல் கூத் முன்வைத்த அண்ட வீக்கக் கொள்கை அத்தகையதொரு விளக்கமுயற்சியே.

கலைப்பீடத்தாருக்குப் பௌதிகவியலில் என்ன வேலை எனச் சிலர் வினவலாம். சொல்லின் பொருளைக் காப்பது எமது வேலை. அளவை உதறிவிட்டுச் சொல்லை மட்டும் கடன்பெறுவோர், விஞ்ஞானத்தின் மதிப்பைப் பெற விழைந்து அதன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கின்றனர். ஆகவே, ஒத்திசைவு என எவர் முழங்கினும் மூன்று வினாக்களை எழுப்புவோம்: எதன் ஒத்திசைவு? எவ்வளவு தூரம்? அதற்கப்பால் யாது? இவற்றுக்கு விடையிறுக்க இயலாதார் விஞ்ஞானத்தின் பெயராற் பேசாதிருப்பாராக.