ஓலையும் மன்றாட்டும்

மரக்காணத்து உப்பளங்களில் மழைக்காலம் நெருங்குகையில் உப்பு அம்பாரங்களை ஓலையிட்டு மூடுவர். மூடியும் கரைந்துபோவதுண்டு. “மன்றாடினோமே, ஆண்டவர் காத்தாரா?” என வினவும் குடும்பங்களோடு எசாயா ஆகமத்தின் 36, 37-ஆம் அதிகாரங்களை வாசிக்க விழைகிறோம்.

கி.மு. 701-இல் அசீரிய மன்னன் சனகெரிபு யூதாவின்மீது படையெடுத்தான். அரணுள்ள 46 நகர்களைப் பிடித்ததாகவும், எசேக்கியா அரசனை எருசலேமில் கூண்டுப் பறவைபோல் அடைத்ததாகவும் தன் சுடுமண் பட்டயத்தில் பெருமை பேசுகிறான். எருசலேமைப் பிடித்ததாக மட்டும் அதில் இல்லை! எசேக்கியா சும்மா இருந்தவனல்லன். மதிலைச் செப்பனிட்டான், பாறையைக் குடைந்து நகருக்குள் நீர் கொணர்ந்தான், திறையும் கட்டிப் பார்த்தான். இறுதியில் பகைவனின் மிரட்டல் மடலை ஆலயத்தில் ஆண்டவர் திருமுன் விரித்து வைத்து மன்றாடினான். எசாயா உரைத்தபடியே பகைவன் நகருக்குள் நுழையாமல் திரும்பினான்.

ஆனால் இலாக்கிசு நகர் வீழ்ந்ததே! சனகெரிபு அவ்வெற்றியைத் தன் அரண்மனைச் சுவரில் செதுக்குவித்தான். அச்சிற்பங்கள் இன்று இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன. மூட்டைகளோடும் குழந்தைகளோடும் குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேறுகின்றன. அவர்களுள்ளும் மன்றாடியோர் இருந்திருப்பர். அவர்கள் ஏன் காக்கப்படவில்லை என்று விளக்க நாம் துணியோம். அம்பாரம் கரைந்த வீட்டிற்குச் செல்கையில் எசேக்கியாவின் கதையை முதலில் எடுக்கமாட்டோம். திண்ணையில் சற்று நேரம் உடன் அமர்ந்திருப்போம்.