குடித்து மீண்டவரை வாசலில் நிறுத்தாதீர்கள்

"நேத்து வரைக்கும் கால்வா ஓரம் விழுந்து கெடந்தவன், இன்னிக்கு இவன் வந்து புத்தி சொல்றானா?" பேராக் மாநிலச் செமோரில் குடியை விட்டுச் சில ஆண்டுகள் ஆன ஒருவர், இன்னும் குடியில் கிடக்கும் இன்னொருவரின் வீட்டில் போய் உட்கார்ந்தால் முதலில் காதில் விழுவது இந்தப் பேச்சுதான். கோயில் கூட்டத்திலும் சாவு வீட்டிலும் இதையே சொல்கிறார்கள். படித்து வேலைக்குப் போன பிள்ளைகளும் சொல்கிறார்கள். துணைக்குக் "குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு" என்ற பழமொழி வேறு. டாக்டர் சொல்லலாம், பூசாரி சொல்லலாம், போலீஸ்காரர் சொல்லலாம், குடித்து மீண்டவன் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது என்பது ஊரின் தீர்ப்பு. இந்தத் தீர்ப்பு தவறானது. ஆளைச் சாகவிடுகிற தவறு என்பதால் கண்டிக்கிறேன்.

இதன் வேர் இன்னொரு நம்பிக்கையில் இருக்கிறது. மனசு வைத்தால் யாரும் விட்டுவிடலாம் என்கிறார்கள். விடாதவனுக்கு மனசில்லை, மனசில்லாமல் பத்து வருஷம் வீணாய்ப் போனவனிடம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று அதிலிருந்து கணக்குப் போடுகிறார்கள். ஆனால் நாள்தோறும் குடித்துப் பழகிய உடம்பு இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், குமட்டும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்குச் சுவரில் பூச்சி ஊர்வது தெரியும், இடம் பொழுது தெரியாமல் உளறுவார்கள், காய்ச்சல் ஏறும். வைத்தியம் பார்க்காவிட்டால் உயிரே போகலாம். நம் வீடுகளிலோ "மனசு வை" என்று சொல்லி அறையில் பூட்டி வைக்கிறார்கள். வலிப்பு வந்தால் செய்வினை என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுகிறார்கள்.

தஞ்சோங் ரம்புத்தான் நமக்குப் பக்கத்து ஊர். 1911இல் திறக்கப்பட்டு இன்று உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை எனப்படும் பெரிய மனநல மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்த ஊர்ப் பெயரையே பைத்தியத்துக்கு மறுபெயராக்கி வைத்திருக்கிறோம். அதனால் கட்டியவளுக்கும் பெற்றவளுக்கும் அந்தப் பக்கம் ஆளைக் கூட்டிக்கொண்டு போகவே பயம். அங்கே படுத்து எழுந்து வந்து, இன்று ஒழுங்காக வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒருவர், "அக்கா, நானும் போனவன்தான். ஒண்ணும் ஆகல. நான் கூட வர்றேன்" என்று சொன்னால் அந்தப் பயம் இறங்கும். வேறு யார் சொல்லியும் அது அப்படி இறங்குவதில்லை.

விட்டவர் மறுபடி குடித்துவிட்டால் "பார்த்தியா, இவ்வளவுதான்" என்கிறோம். 2000ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் தாமஸ் மெக்லெல்லனும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை, போதைப் பழக்கத்தை இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா, நீரிழிவு ஆகிய நீண்டகால நோய்களோடு ஒப்பிட்டது. சிகிச்சை பெற்ற பிறகு நோய் திரும்புவது அவற்றிலும் ஏறக்குறைய இதே அளவில்தான் நடக்கிறது. இரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு மயங்கி விழுந்தவரை மானங்கெட்டவர் என்று நாம் சொல்வதில்லை. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம்.

எல்லாம் மனசுதான் என்று சொல்வதில் யாருக்கு லாபம் என்றும் கேட்க வேண்டும். பால்மரத் தோட்டங்களில் உரிமம் பெற்ற கள்ளுக்கடை, தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது. சம்பளக் காசு சாயங்காலமே அங்கே இறங்கியது. தொழிலாளிகளுக்கு இது தெரியாமல் இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச்.நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடு என்பதும் ஒன்று. போருக்குப் பின் கெடாவில் ஹார்வர்ட் தோட்டத்திலிருந்து ஏ.எம்.சாமி தலைமையில் கிளம்பிய தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்து நின்றது. 1947இல் பீடோங்கில் அது போலீஸோடு மோதும் அளவுக்குப் போயிற்று. குடியை எதிர்த்து நின்றவர்கள் அதே லயத்துக்காரர்கள். வெளியிலிருந்து யாரும் வந்து அவர்களை மீட்கவில்லை. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனையும் தாமான் வீடுகளும் வந்தன, கள்ளின் இடத்தில் மலிவான சம்சு வந்து உட்கார்ந்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் பகுதிகளில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களை அந்தப் புட்டிவரை கொண்டுபோய் விட்டதில் வறுமைக்கும் விற்றவனுக்கும் பங்கே இல்லையா?

மனசு வாதம் செய்பவர்கள் கடைசியில் எடுப்பது தைப்பூசத்தை. ஈப்போ கல்லுமலை முருகனுக்குக் காவடி எடுக்க நேர்ந்துகொண்டு, நாற்பத்தெட்டு நாள் ஒரு சொட்டுத் தொடாமல் இருக்கிறானே, பூசம் முடிந்த மறுநாள் மறுபடி குடிக்கிறானே, அப்படியென்றால் முடியாதவனா, மனசில்லாதவனா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. பதிலைத் தேடத்தான் யாரும் மெனக்கெடுவதில்லை. அந்த நாற்பத்தெட்டு நாளும் அவன் எப்படி இருந்தான் என்று பாருங்கள். விடியற்காலையில் எழுந்து குளிக்கிறான். சாயங்காலம் கடைப் பக்கம் போக வேண்டிய நேரத்தில் கோயிலில் பஜனைக்கு நிற்கிறான். அவனைப் போலவே விரதம் இருக்கும் பத்துப் பேர் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களில் மூத்தவர், பல முறை காவடி எடுத்தவர், எப்படிப் பசி தாங்குவது, எப்படிக் கோபத்தை அடக்குவது என்று சொல்லிக் கொடுக்கிறார். ஒருநாள் வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று போன் வருகிறது. ஊரே "சாமி" என்று மரியாதையாகக் கூப்பிடுகிறது. பூசம் முடிந்ததும் இவை அத்தனையும் ஒரே நாளில் கலைந்து போகின்றன. போன் வராது, சாயங்காலம் காலியாகும், "சாமி" மறுபடி "குடிகாரன்" ஆகிவிடுவார். அவரைத் தாங்கிய கட்டுமானத்தைக் கழற்றி எடுத்துவிட்டு, விழுந்ததற்கு அவர் மனசைப் பழிப்பது அநியாயம். முன்னே போனவர் பின்னே வருபவரைக் கைபிடித்து நடத்தும் முறை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. காவடிக்கு அதைப் பல முறை சுமந்தவரைக் குருவாக ஏற்கிறோம். குடியிலிருந்து மீள்வதற்கு மட்டும் அந்த வழியே தெரியாதவரைத் தேடுகிறோம்.

மீண்டவர் என்ன செய்கிறார் என்று அருகிலிருந்து பார்த்தால் இது விளங்கும். நிறுத்தி ஒரு வாரம்கூட ஆகாத ஆளைக் கோப்பிக்கடைக்குக் கூட்டிப்போகிறார். மூலையில், முதுகு சுவருக்கு இருக்கும்படி இடம் பார்க்கிறார். தே தாரேக்கைப் பாதிக் கிளாஸ் மட்டும் ஊற்றிக் கொடுக்கச் சொல்கிறார். முழுக் கிளாஸைத் தூக்கினால் நடுங்கும் கையில் சிந்தும், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், கூசிப்போனவர் நேரே சம்சுக் கடைக்குத்தான் போவார் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கூச்சத்தை அவர் அனுபவித்தவர். சம்பள நாளன்று வேலை முடியும் நேரத்துக்கு மோட்டாரை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நிற்கிறார். கடை இல்லாத வேறு பாதையில் வீடுவரை கொண்டுவந்து விடுகிறார். "நேத்து சாப்டல" என்பது பொய்யென்றால் ஒரு பார்வையிலேயே கண்டுபிடிக்கிறார், ஏனென்றால் அதே பொய்யை அதே குரலில் அவரும் சொல்லியிருக்கிறார். கண்டுபிடித்தும் கத்தாமல் இருக்க அவரால் முடிகிறது. அவரும் ஒருகாலத்தில் கத்தல் வாங்கிப் பயனில்லாமல் போனவர்.

உலகம் இதை எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டது. 1935 மே மாதம் அமெரிக்காவின் அக்ரன் நகரில், வியாபாரம் முறிந்து போய் ஓட்டலில் தனியாக நின்ற பில் வில்சன், மதுக்கூடத்தின் சத்தம் இழுத்தபோது தொலைபேசியை எடுத்துத் தேவாலயங்களை அழைத்தார். பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அந்தச் சந்திப்பிலிருந்து பிறந்தது. மருத்துவரையே மருத்துவரல்லாத ஒரு குடிகாரர் மீட்டார் என்பதை நம் ஊர்ப் பெரியவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கதையை நம்பாதவர்களுக்கு ஆய்வும் இருக்கிறது. 27 ஆய்வுகளை, 10,565 பேரை உள்ளடக்கி 2020இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, முழுமையாகக் குடியை விட்டிருப்பதில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்கு ஆட்களை முறையாகக் கொண்டுசேர்க்கும் சிகிச்சை மற்ற மனநலச் சிகிச்சைகளைவிட மேலான பலன் தந்ததாகக் கண்டது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் 1999லேயே மனநலத் துறையில் மீண்டவர்களின் துணைப்பணிக்கு அரசு மருத்துவ உதவித் திட்டத்திலிருந்து பணம் கொடுக்கத் தொடங்கியது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். கோலாலம்பூரில் பெங்காசே அமைப்பைப் போதையிலிருந்து மீண்டவர்களே நடத்துகிறார்கள்.

"அவனே மறுபடி குடித்துவிட்டால்?" குடிக்கலாம். அப்போது அவர் இந்த வேலையை விட்டு ஒதுங்கி, தனக்கு உதவி தேட வேண்டும். அதைச் சொல்ல அவருக்கு மேலே ஒருவர் இருக்க வேண்டும். பயிற்சி இல்லாமல், கண்காணிப்பு இல்லாமல், இரவெல்லாம் வரும் போனை ஒற்றை ஆளின் தலையில் கட்டினால் அவர் உடைந்துதான் போவார். அவர் டாக்டருக்கு மாற்றும் இல்லை. வலிப்பு, உளறல், தற்கொலைப் பேச்சு எதைக் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அவர் வேலையின் முதல் விதி. யார் சோற்றிலும் குடியை நிறுத்தும் மருந்தைக் களவாகக் கலக்கத் துணைபோகக் கூடாது என்பது இன்னொன்று. பெண்களுக்குப் பெண்களே துணை வர வேண்டும். நம் சமூகத்தில் குடிக்கும் பெண் இருப்பதையே ஒப்புக்கொள்ளாததால், அவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு தனியாக அழிகிறார்கள். சேவை என்ற பெயரில் பெட்ரோல் காசுகூடக் கொடுக்காமல் வேலை வாங்குவதும் இந்தப் பணியைக் கொல்லும். ஆலோசகருக்குச் சம்பளம் உண்டென்றால் இவருக்கும் உண்டு.

மேடையில் ஏற்றி "நான் குடிகாரனாக இருந்தேன்" என்று சொல்லவைத்துப் பொன்னாடை போர்த்தி அனுப்பும் வழக்கம் இருக்கிறது. அது வேண்டாம். அவருக்கு வேண்டியது கைதட்டல் இல்லை, வேலை செய்ய ஓர் இடம். செமோரிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள கோயில் நிர்வாகங்களைக் கேட்கிறேன்: வாரத்தில் ஒரு சாயங்காலம், சம்பளம் வரும் வாரத்தில் இரண்டு சாயங்காலம், உங்கள் மண்டபத்தை மீண்டவர்களுக்குத் திறந்து விடுங்கள். உள்ளே யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று வெளியே விசாரிக்காதீர்கள். அடுத்த தைப்பூசம் முடிந்த மறுநாளே முதல் கூட்டம் நடக்கட்டும்.