66 நாள் நோன்பு: பெரியவர்கள் ஏற்க வேண்டிய அறைகூவல்



ஆண்டுதோறும் ஜூன் 5ஆம் நாள் உலகச் சுற்றுச்சூழல் நாள் கொண்டாடப்படுகிறது. 1972ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை அறிவித்த நாள் அது. அதனையொட்டி நம் தமிழ்ப்பள்ளிகளில் சுவரொட்டி வரைதல், பேச்சுப் போட்டி, மரக்கன்று நடுதல் எனப் பலவும் நடைபெறுகின்றன. நலவாழ்வு வாரம் வந்தால் காய்கனிப் படங்கள் சுவர்களை அலங்கரிக்கின்றன. பரிசளிப்பு முடிகிறது, நிழற்படம் எடுத்துக்கொள்கிறோம். மறுநாள் காலை, சுவரொட்டியில் பரிசு பெற்ற அதே மாணவன் நெகிழிப் பையில் கட்டிய இனிப்புப் பானத்தோடு பள்ளி வாசலில் வந்து இறங்குகிறான். அதனை வாங்கிக் கொடுத்தவர் யார்? வீட்டிலுள்ள பெரியவர்தாம்.

எனவே, நான் சொல்ல விரும்புவது இதுதான். பசுமை வாழ்வையும் நலவாழ்வையும் மாணவர்க்குப் பாடமாக நடத்தியது போதும். இனி ஆசிரியரும் பெற்றோரும் தங்களுக்குத் தாங்களே ஓர் அறைகூவல் விடுத்துக்கொள்ள வேண்டும். அதுவும் பிள்ளைகளின் கண்முன்னே நடக்க வேண்டும்.

ஏன் இந்த அவசரம்?

மலேசியச் சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு தேசிய நலவாழ்வு, நோய்நிலை ஆய்வின்படி, நாட்டில் வயது வந்தோருள் 15.6 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு நோய் உள்ளது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். 54.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடல் பருமனோ உடையவர்கள். இதே ஆய்வு 2019ஆம் ஆண்டு நடத்தப்பட்டபோது, இன வாரியாக நீரிழிவு மிகுதியாகக் காணப்பட்டது இந்தியரிடையேதான். இது வெறும் புள்ளிவிவரமன்று. கால் விரலை இழந்த தாத்தாவும், இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று முறை செல்லும் அத்தையும் நம்மில் பலருடைய குடும்பங்களில் இருக்கிறார்கள். அடுத்து அந்த வரிசையில் நிற்கப் போவது யார் என்பதை இன்றைய வீட்டுப் பழக்கமும் முடிவு செய்கிறது.

பசுமையும் நலமும் வேறு வேறல்ல

பலர் இவ்விரண்டையும் தனித்தனியே பார்க்கின்றனர். ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சீனி கலந்த பானம் 320 மில்லிலிட்டர் அருந்தினால் 32 கிராம் சீனி உடலுக்குள் போகிறது. சேர்க்கப்படும் சீனியை நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என உலகச் சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. அதுவும் வயது வந்தோர்க்கான அளவு! ஒரே பானத்தில் அந்த எல்லை தாண்டிவிடுகிறது. நாளுக்கு ஒன்று என 66 நாள் அருந்தினால் 2 கிலோவுக்கு மேற்பட்ட சீனி. அத்துடன் 66 நெகிழிப் பைகள், 66 உறிஞ்சுகுழல்கள். மாறாக, வீட்டுத் தண்ணீரை ஒரு புட்டியில் நிரப்பிக் கொண்டுபோனால் சீனியும் இல்லை, குப்பையும் இல்லை, செலவும் இல்லை. நடந்து செல்லும் தொலைவுக்கு மகிழுந்தை எடுக்காமல் இருப்பதும் அப்படித்தான். ஒரே செயலில் உடலும் ஊரும் நலம் பெறுகின்றன.

சட்டம் மட்டும் போதாதா?

சட்டம் தேவைதான். பினாங்கு மாநிலம் 2009ஆம் ஆண்டு நெகிழிப் பை இல்லா நாளைத் தொடங்கி, 2011 முதல் அதனை எல்லா நாள்களுக்கும் விரிவாக்கியது. குப்பையை வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்னும் விதி 2015 செப்டம்பர் 1 முதல் கோலாலம்பூர், ஜொகூர், கெடா உள்ளிட்ட சில மாநிலங்களில் நடப்புக்கு வந்தது. 2016 ஜூன் முதல் தண்டமும் சேர்ந்தது. இனிப்புப் பானங்களுக்கான கலால் வரி 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 காசாகத் தொடங்கி, 2024இல் 50 காசாகவும், 2025இல் 90 காசாகவும் உயர்ந்தது.

ஆனால், 20 காசைக் கொடுத்துவிட்டு நெகிழிப் பையை வாங்கிக்கொண்டு போவோரை நாம் நாள்தோறும் பார்க்கிறோமே! சட்டம் கடை வரைக்கும் வரும், சமையலறைக்குள் வராது. சமையலறைக்குள் வருவது பழக்கம் மட்டுமே.

21 நாள் என்னும் மாயை

பழக்கத்தை மாற்ற 21 நாள் போதும் என்று தன்முனைப்புப் பேச்சாளர்கள் கூறக் கேட்டிருப்பீர்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்னும் அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர் 1960ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதன் வேர் உள்ளது. அறுவைக்குப் பின் தம் புதிய தோற்றத்திற்கு மனம் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் பிடித்ததாக அவர் கண்டார். 'குறைந்தது' என்ற சொல் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது. எண் மட்டும் நிலைத்துவிட்டது.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் அவர்தம் குழுவினரும் 96 தன்னார்வலரை 12 வாரம் கவனித்து, 2010ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். உணவு, பானம், உடற்பயிற்சி தொடர்பான ஒரு செயலை ஒவ்வொருவரும் நாள்தோறும் செய்தனர். அது தானாக நிகழும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆயின. சிலருக்கு 18 நாளே போதுமானதாக இருந்தது. சிலருக்கு 254 நாள் ஆகும் எனக் கணக்கிடப்பட்டது. தண்ணீர் அருந்துதல் போன்ற எளிய செயல் விரைவில் படிந்தது. உடற்பயிற்சிக்குக் கூடுதல் காலம் பிடித்தது. இன்னோர் உண்மையும் அதில் உண்டு: இடையில் ஒரு நாள் தவறினால் எல்லாம் பாழாகிவிடவில்லை. மறுநாள் தொடர்ந்தவர்க்குப் பழக்கம் வளரவே செய்தது.

மூன்று வார இயக்கம் நடத்தி முடித்துவிட்டு, "பிள்ளைகள் மாறவில்லையே" என்று நொந்துகொள்வது எவ்வகையில் நியாயம்? விதை முளைக்கும் முன்பே நீரூற்றுவதை நிறுத்திவிடுகிறோம்.

நமக்குப் புதிதன்று

நம்மவர்க்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று கூறுவோரை நான் ஏற்பதில்லை. தைப்பூசம் வந்தால் 48 நாள் நோன்பிருப்போர் நம்மிடையே உள்ளனர். அசைவம் இல்லை, மது இல்லை, புகை இல்லை. பத்துமலையின் 272 படிகளையும் காவடியோடு ஏறுகிறார்கள். அந்த உறுதி எங்கிருந்து வருகிறது? தொடங்கும் நாள் தெளிவு, விதி தெளிவு, வீடே துணை நிற்கிறது, ஊரறியச் செய்கிறோம். இந்த நான்கும் இருந்தால் எந்தப் பழக்கமும் படியும். ஆயினும், நோன்பு முடிந்த மறுநாளே பலர் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகின்றனர். முடியும் நாளை எண்ணிக்கொண்டே இருப்பதால் வருவது இது. நான் கூறும் 66 நாள் நோன்பு, முடிப்பதற்கன்று, பழகிக்கொள்வதற்கு.

தோட்டப்புற வாழ்வில் நம் முன்னோர் தூக்குச்சட்டியில் உணவு கொண்டுபோனார்கள்; பிரம்புக் கூடையில் சாமான் வாங்கினார்கள். அன்று வறுமை அவர்களை அப்படி வாழ வைத்தது. இன்று அறிவு நம்மை அப்படி வாழ வைக்கட்டும்.

எப்படிச் செய்யலாம்?

கீழ்க்காண்பவற்றுள் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஐந்தையும் ஒருசேரத் தொடங்க வேண்டா.

1. தேநீரோ காப்பியோ சீனியின்றி, அல்லது வழக்கத்தில் பாதிச் சீனியோடு அருந்துதல்.
2. வெளியே செல்லும்போது தண்ணீர்ப் புட்டியை உடன் கொண்டுசெல்லுதல்.
3. 'தபாவ்' வாங்கச் சொந்தப் பாத்திரத்தைக் கொண்டுபோதல்.
4. இரவு உணவுக்குப் பின் குடும்பத்தோடு 20 நிமிடம் நடத்தல்.
5. காய்கறித் தோல்களைக் குப்பையில் போடாமல் மண்ணில் இட்டு உரமாக்குதல்.

தேர்ந்ததை ஏற்கெனவே உள்ள ஒரு பழக்கத்தோடு முடிச்சுப் போடுங்கள். மகிழுந்துச் சாவியை எடுக்கும்போதே புட்டியையும் எடுப்பது என்று வைத்துக்கொண்டால், சாவியே நினைவூட்டும். நாள்காட்டியில் அன்றன்று குறியிடுங்கள். குறியிடும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள். அம்மாவையும் அப்பாவையும் கண்காணிக்கும் வேலை என்றால் எந்தக் குழந்தைக்குத்தான் பிடிக்காது! நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் மட்டும் உணவு முறையை மாற்றும் முன் மருத்துவரைக் கலந்துகொள்ளல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விடை சொன்ன மாணவனுக்கு மிட்டாய் பரிசளிப்பதை விடுவோம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நெகிழிப் புட்டித் தண்ணீரும் ஒருமுறை வீசும் பெட்டியில் உணவும் வழங்கிவிட்டு, பசுமைப் பள்ளி விருதைப் பற்றிப் பேசுவது பொருந்தாது. மாணவனின் உணவுப் பெட்டியைத் திறந்து பார்த்து அவனைப் பிறர்முன் கடிந்துகொள்வதும் கூடாது. அதில் இருப்பது அவன் தேர்ந்ததன்று. காலை ஐந்தரை மணிக்கு வேலைக்குப் புறப்படும் தாயால் இயன்றது அது.

"ஒருவர் மாறி உலகம் மாறுமா?" என்று கேட்கலாம். தொழிற்சாலைகளுக்கும் அரசுகளுக்கும் உள்ள பொறுப்பு நம்முடையதைவிடப் பன்மடங்கு பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால், என் கேள்வி வேறு. ஒருவர் மாறினால் ஒரு குழந்தை மாறுமா, மாறாதா? நாம் சொல்வதைக் குழந்தைகள் பாதி மறந்துவிடுவார்கள். நாம் செய்வதை அப்படியே செய்வார்கள். நீரிழிவு குருதி வழியாக மட்டும் நம் வீடுகளில் இறங்கி வரவில்லை. சாப்பாட்டு மேசை வழியாகவும் வருகிறது. குருதியை மாற்ற நம்மால் இயலாது. மேசையை மாற்றலாம் அல்லவா?

வரும் திங்கட்கிழமையே முதல் நாளாகட்டும். எதைத் தேர்ந்தீர்கள் என்பதை இன்றிரவே உங்கள் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர்