துவக்குக்கு மட்டும்தானா கட்டுப்பாடு?



வேட்டைச் சட்டம் எண்டால் "துவக்குக்காரரின்ர பிரச்சினை, எங்களுக்கென்ன?" எண்டு நானும் கடந்துபோனவன்தான்.

கட்டற்ற வேட்டையாலும் காடழிப்பாலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒன்ராறியோவில் காட்டு வான்கோழி இல்லாமல் போனது. 1984இல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். வேட்டைக்குக் கட்டுப்பாடு இருந்ததால் பெருகின.

இப்போது அமெரிக்கத் தென்மாநிலங்களில் திரும்பவும் குறைகின்றன. டென்னசி 2023இல் வேட்டைப் பருவத்தை இரண்டு கிழமை தள்ளிவைத்தது. சேவல்கள் சுடப்படமுன் இணைசேர அவகாசம் கிடைக்கட்டும் என்பது நோக்கம். நல்லது. ஆனால் பேடு நிலத்தில்தான் முட்டையிடும். மறைவுக்குப் பற்றை வேணும், குஞ்சுக்குப் பூச்சி வேணும். லாபத்துக்காகப் பற்றையை வழிக்கிறவனுக்கு எந்தப் பருவமும் இல்லை.

துவக்குக்கு நாள் குறிக்கிற அரசு புல்டோசருக்கும் குறிக்கவேணும். அதை நாங்களும் சேர்ந்து கேட்பம்.