நாளைய வேலைக்கு அருகில் ஓர் அறை

வெளியூர்ப் பயணம் என்றதும் பலர் முதலில் தேடுவது மலிவான அறையைத்தான். கைப்பேசியில் ஊரின் பெயரைத் தட்டுகிறார்கள். விலையை ஏறுவரிசையில் அடுக்குகிறார்கள். பட்டியலின் உச்சியில் வரும் விடுதியை அப்படியே பதிவு செய்துவிடுகிறார்கள். சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு இதனால் பெரிய கேடு வந்துவிடாது. ஒரு மணி நேரம் தாமதமாகப் போனாலும் இரட்டைக் கோபுரம் அதே இடத்தில்தான் இருக்கும். ஆனால், குறித்த நாளில், குறித்த மணிக்கு, ஒரு வேலையை முடிப்பதற்காகப் பெருநகருக்கு வருகிறவரின் நிலை வேறு. அவர் ஓர் இரவுத் தூக்கத்துக்கு மட்டும் பணம் கொடுக்கவில்லை. மறுநாள் காலையில் உரிய இடத்தில் உரிய நேரத்தில் இருப்பதற்கும் சேர்த்தே கொடுக்கிறார். ஆகவே, விலையைப் பார்க்கும் முன்பு அவர் பார்க்க வேண்டியது கடிகாரத்தையும் வரைபடத்தையும்தான்.

வணிகப் பயணிகளுக்கான விடுதி என்ற பெயரே சிலரைத் தயங்க வைக்கிறது. கழுத்துப்பட்டை அணிந்த நிறுவன மேலாளர்கள் மட்டுமே தங்கும் இடம் என்று அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். கோலாலம்பூரில் இத்தகைய விடுதிகள் பெரும்பாலும் மிக எளிமையானவை. நீச்சல் குளம் இருக்காது; பளிங்குக் கூடமும் இருக்காது. சிறிய அறை, எழுதுவதற்கு ஒரு மேசை, நல்ல விளக்கு, இணைய வசதி, கேட்டால் கிடைக்கும் இஸ்திரிப் பெட்டி ஆகியவை இருக்கும். நேர்முகத் தேர்வுக்கு வரும் பட்டதாரிக்கும், மஸ்ஜிட் இந்தியா வட்டாரத்தில் துணி எடுக்க வரும் சிறு வணிகருக்கும், சிறப்பு மருத்துவரைப் பார்க்க வரும் முதியவருக்கும் வேண்டியவை இவைதாமே! நீச்சல் குளத்தைப் பார்க்கக்கூட நேரம் இல்லாதவர் அதற்கும் சேர்த்துப் பணம் கட்டுவதில் பொருள் இல்லை.

ஈப்போவில் வாழும் ஒரு மாணவியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். உபகாரச் சம்பளத்துக்கான நேர்முகத் தேர்வுக்கு அவளுக்கு அழைப்பு வந்திருக்கிறது. இடம் கே.எல்.சி.சி.க்கு அருகில் உள்ள ஓர் அலுவலகம். நேரம் காலை 8.30. ஈப்போவிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு இ.டி.எஸ். ரயிலில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும். அன்று காலையில் புறப்பட்டு வந்து சேரலாம் என்று நம்புவது ஆபத்து. முதல் நாள் மாலையே வந்து தங்குவதுதான் முறை. அவளுடைய தந்தை இரண்டு விடுதிகளைப் பார்க்கிறார் எனக் கொள்வோம். புறநகரில் உள்ள ஒன்றின் வாடகை 80 ரிங்கிட். பிரிக்பீல்ட்ஸ் பகுதியில், கே.எல். சென்ட்ரலுக்கு நடந்து செல்லும் தொலைவில் உள்ள மற்றொன்றின் வாடகை 130 ரிங்கிட். இரண்டுக்கும் இடையில் 50 ரிங்கிட் வேறுபாடு. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒருவருக்கு அது சிறிய தொகை அன்று. ‘இராத்திரி தூங்கத்தானே போகிறோம்’ என்று அவர் 80 ரிங்கிட் அறையைத் தேர்ந்தெடுத்தால், யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால், கணக்கு அங்கேயே முடிந்துவிடுவதில்லை. இரவில் ரயிலைவிட்டு இறங்கியதும் புறநகருக்குச் செல்ல ஒரு கார் வேண்டும். மறுநாள் காலையில், நகரமே வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், திரும்பி வர இன்னொரு கார் வேண்டும். நெரிசல் மிகுந்த வேளையிலும் மழை கொட்டும் வேளையிலும் செயலி வழி அழைக்கும் கார்களின் கட்டணம் உயர்ந்துவிடும் என்பதை நகரவாசிகள் அறிவார்கள். வெளியூர்க்காரர் அதைக் கைப்பேசித் திரையில் பார்த்த பிறகே அறிந்துகொள்வார். இரண்டு பயணங்களுக்கும் 25 ரிங்கிட் வீதம் கொடுத்தாலே மிச்சப்படுத்திய 50 ரிங்கிட் கரைந்துவிடும். மாறாக, பிரிக்பீல்ட்ஸில் தங்கினால், கே.எல். சென்ட்ரலிலிருந்து கே.எல்.சி.சி. ஐந்தாவது நிலையம். எல்.ஆர்.டி. ரயிலில் கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். கட்டணமோ ஒருவருக்கு ஒரு சில ரிங்கிட்தான்.

பணத்தைவிடப் பெரிய செலவு மனக்கலக்கம். நெடுஞ்சாலையில் நகராமல் நிற்கும் காருக்குள் உட்கார்ந்துகொண்டு மணியை மணியைப் பார்க்கும் ஒரு மாணவி, தயார் செய்த பதில்களில் பாதியை அங்கேயே மறந்துவிடுவாள். தேர்வுக் குழுவினர் அவள் எங்கே தங்கினாள் என்று கேட்கப் போவதில்லை. வியர்த்து, மூச்சு வாங்கி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உள்ளே நுழையும் ஒருத்தியைத்தான் அவர்கள் பார்ப்பார்கள்.

ஆதலால், திட்டத்தைப் பின்னிருந்து முன்னாகப் போட வேண்டும். 8.30-க்குத் தேர்வு என்றால் 8.00 மணிக்கே கட்டடத்தின் வாசலில் இருக்க வேண்டும். பெரிய கட்டடங்களில் பாதுகாவலரிடம் அடையாள அட்டையைக் காட்டிப் பதிவு செய்யவும், மின்தூக்கிக்குக் காத்திருக்கவும் நேரம் பிடிக்கும். காலை நேரத்து எல்.ஆர்.டி. ரயில்கள் நிரம்பி வரும். ஒன்றிரண்டு ரயில்களை விட்டுவிட்டு அடுத்ததில் ஏற வேண்டியிருக்கலாம். அதற்கும் இடம் கொடுத்தால், அறையைவிட்டு 7.15-க்குள் கிளம்ப வேண்டும். அப்படியானால் காலை உணவு 6.30 மணிக்காவது கிடைக்க வேண்டும். ‘காலை உணவுடன்’ என்று விளம்பரம் செய்யும் சில விடுதிகளில் உணவுக்கூடம் திறப்பதே 7.00 மணிக்குத்தான். உண்ண முடியாத உணவுக்குக் கூடுதல் பணம் எதற்கு? வெள்ளிக்கிழமையில் சைவம் மட்டும் உண்பவர்கள் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நாசி லெமாக்கில் நெத்திலியும், மீகூனில் இறாலும் இருந்தால் அவர்களுக்கு மிஞ்சுவது ரொட்டியும் தேநீரும்தான். பிரிக்பீல்ட்ஸில் தங்கினால் அந்தக் கவலை குறைவு. விடிந்ததும் தோசை சுடும் கடைகள் அங்கே உண்டு.

இன்னும் அடிப்படையான ஒரு கேள்வி இருக்கிறது. வேலை உண்மையிலேயே கோலாலம்பூரில்தானா? வெளியூர்க்காரர் பலருக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதுமே கோலாலம்பூர்தான். பெட்டாலிங் ஜெயாவும் ஷா ஆலமும்கூட அவர்களுடைய பேச்சில் ‘கே.எல்.’ ஆகிவிடும். அரசாங்க அலுவலகத்தில் வேலை என்றால் இதில் கூடுதல் கவனம் தேவை. 1999-இல் பிரதமர் அலுவலகம் புத்ராஜெயாவுக்கு மாறியது. அதைத் தொடர்ந்து அமைச்சுகள் பலவும் அங்கே சென்றுவிட்டன. புத்ராஜெயா நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தெற்கே உள்ளது. கடிதத்தில் உள்ள முகவரியைச் சரியாகப் படிக்காமல் புக்கிட் பிந்தாங்கில் அறை எடுப்பவர், விடியற்காலையில் அந்தத் தொலைவைக் கடக்க வேண்டியிருக்கும். முகவரி முன்கூட்டியே தெரிந்திருந்தால், கே.எல்.ஐ.ஏ. டிரான்சிட் ரயிலோ, 2023-இல் முழுமையாகச் செயல்படத் தொடங்கிய எம்.ஆர்.டி. புத்ராஜெயா தடமோ அருகில் இருக்கும்படி விடுதியைத் தேடலாம்.

பெரியவர்களின் அனுபவம் சில வேளைகளில் பழையதாகிவிடுவதும் உண்டு. “புடுராயா பக்கத்திலேயே ரூம் எடு, பஸ்ஸை விட்டு இறங்கினால் நடந்தே போய்விடலாம்” என்று அறிவுரை சொல்லும் மாமாக்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் அது பொன்னான அறிவுரை. 2011-இல் பண்டார் தாசேக் செலாத்தானில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு நிலைமை மாறிவிட்டது. வெளியூர்ப் பேருந்துகள் பெரும்பாலும் இப்போது அங்கேதான் நிற்கின்றன. அது புடுவிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து ரயில் வசதி நன்றாகவே உள்ளது என்றாலும், மூட்டை முடிச்சுகளோடு இரவு 11.30-க்கு வந்து இறங்குபவர் கடைசி ரயிலைத் தவறவிட நேரலாம்.

தொலைவைக் கணிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ‘நிலையத்திலிருந்து 400 மீட்டர்’ என்று விளம்பரம் சொல்லும். அது பறவைக்கான கணக்கு. கோலாலம்பூரில் விடுதிக்கும் நிலையத்துக்கும் நடுவே ஓர் ஆறோ ஆறு தட நெடுஞ்சாலையோ குறுக்கிட்டால், நடப்பவருக்கு அந்த 400 மீட்டர் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆகிவிடும். மாலை மழை இந்நகரின் வாடிக்கை என்பதால் கூரையிட்ட நடைபாதை இருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லது. இணைய வரைபடத்தில் தெருவின் படத்தையே காண முடிகிற இந்நாளில், பதிவு செய்யும் முன் அந்த வழியில் ஒருமுறை கண்ணாலேயே நடந்து பார்த்துவிடலாம். ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது தெருவுக்கும் பொருந்தும். பெண்பிள்ளையோடு இரவில் வருகிறவர்களுக்கு, வெளிச்சம் இல்லாத சந்து ஒன்று குறுக்கே இருப்பது முன்கூட்டியே தெரிய வேண்டிய செய்தி.

விலையிலும் ஒளிந்திருப்பவை உண்டு. 2024 மார்ச் முதல் விடுதி அறைகளுக்கான சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்திருக்கிறது. திரையில் தெரியும் தொகை அதையும் உள்ளடக்கியதா என்று பார்க்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்தோ வேறு நாடுகளிலிருந்தோ வருகிறவர்கள் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரியும் கட்ட வேண்டும்; 2017 செப்டம்பரில் நடப்புக்கு வந்த இந்த வரி மலேசியக் குடிமக்களுக்கு இல்லை. சில விடுதிகள் சாவியைக் கொடுக்கும் முன் வைப்புத்தொகை கேட்கும். திரும்பக் கிடைக்கும் பணம்தான் என்றாலும், அதைக் கையில் வைத்திருக்க வேண்டுமே! ‘சன்னல் இல்லாத அறை’ என்பதும் இந்நகரின் மலிவு விடுதிகளில் சாதாரணம். அந்த மூன்று சொற்கள் வழக்கமாகச் சிறிய எழுத்தில் இருக்கும். ஓர் இரவு தூங்க அது போதும் என்பவர்கள் தாராளமாக எடுக்கலாம். வெளிச்சத்தைப் பார்த்து எழும் பழக்கம் உள்ளவர்களோ அங்கே விடிந்ததை அறிய கடிகாரத்தை மட்டும்தான் நம்ப வேண்டும்.

இவ்வளவையும் கேட்டபின் பாட்டி ஒருவர் நிச்சயமாகக் கேட்பார்: “கிள்ளானில் சித்தப்பா வீடு இருக்கும்போது காசைக் கொட்டி விடுதியில் ஏன் தங்க வேண்டும்?” இது எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய கேள்வி அன்று. தமிழ்க் குடும்பங்களில் உறவினர் வீடு இருக்கும் ஊரில் விடுதியில் தங்கினால் அது மனத்தாங்கலாகிவிடும். ‘எங்கள் வீட்டுச் சோறு இறங்காதா?’ என்ற பேச்சு ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் கல்யாண வீட்டில் எழும். ஆனாலும், உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். வெகு நாள் கழித்து வந்த அண்ணன் மகளைச் சித்தி பத்து மணிக்குத் தூங்க விடமாட்டார். ஆறு பேருக்கு ஒரே குளியலறை இருக்கும் வீட்டில் விடியற்காலை வரிசை நீளும். “நானே காரில் கொண்டு போய் விடுகிறேன்” என்று சித்தப்பா விடுப்பு எடுப்பார். ஃபெடரல் நெடுஞ்சாலையின் காலை நெரிசலுக்கு அந்த அன்பு தெரியாது. யாரும் தவறு செய்யவில்லை. பரிவு நிறைந்த வீடு, முக்கியமான ஒரு காலைக்கு முந்திய இரவில் தங்க ஏற்ற இடமாக எப்போதும் இருப்பதில்லை.

இதற்கு மனம் நோகாத வழி ஒன்று இருக்கிறது. முதல் இரவு விடுதியில் தங்கிவிட்டு, வேலை முடிந்த பிறகு உறவினர் வீட்டுக்குப் போகலாம். இதை ஒரு வாரத்துக்கு முன்பே தொலைபேசியில் சொல்லிவிட்டால் சித்தியும் சமையலுக்கு ஆயத்தமாகிவிடுவார். பெரும்பாலான விடுதிகளில் நண்பகல் 12.00 மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். தேர்வு நீண்டுவிடும் என்ற ஐயம் இருந்தால், காலையிலேயே கணக்கை முடித்துவிட்டுப் பையை வரவேற்பு முகப்பில் ஒப்படைக்கலாம்; முதல் நாளே கேட்டு வைத்தால் மறுக்கமாட்டார்கள். திரும்பி வந்து பையை எடுத்துக்கொண்டால், கே.எல். சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் ரயில் நேராகக் கிள்ளானுக்குப் போகிறது. பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அன்றிரவு சித்தியோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசிக்கொண்டிருக்கலாம்.